சூரிச்சில் முட்டை விலை, வடகரையில் தலைக்கட்டு வரி

எனக்கு எழுபத்து நான்கு வயது. வளர்த்தது நான்கு பேரை. நான்கும் பெண். ஒருத்தி போலீஸ், ஒருத்தி டீச்சர், ஒருத்தி நர்ஸ், கடைசிக்காரி முத்து சிங்கப்பூரில் கம்பெனி வேலை. நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைக்கும். பெரிய வார்த்தை வந்தால் கை கொஞ்சம் தயங்கும். ஆனால் நான் போய்ப் பார்த்த ஊர்களை வேறு ஒருவர் எழுதினால் அவர் பார்த்த மாதிரி ஆகிவிடும். அதனால் நானே மெல்ல எழுதுகிறேன். படிக்கிறவர்களும் மெல்லப் படிக்கலாம், அவசரம் ஒன்றும் இல்லை.

என் ஊர் வடகரை, செங்கோட்டைக்குப் பக்கம். ஒரு வீடு, கொஞ்சம் வயல், தென்னை. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. அவர் இருந்தவரைக்கும் ஆடிக் கொடைக்கு, அதாவது அம்மன் கோயில் திருவிழாவுக்கு, எங்கள் வீட்டுக்கு வரி உண்டு. எங்கள் தெருக் கோயிலில் கல்யாணமான ஆண் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி வாங்கித்தான் கொடை நடக்கும். கொடை முடிந்த மறுநாள் மைக்கில் பெயரைக் கூப்பிட்டு, வரி கொடுத்தவர்களுக்குத் தேங்காய், பழம், பொங்கல் என்று பங்கு கொடுப்பார்கள்.

அவர் போன வருஷம் எங்கள் பெயரைக் கூப்பிடவில்லை. ஆம்பிளை இல்லாத வீட்டில் வரி வாங்குவதில்லை, அது வழக்கமாம். ஆனால் பாவம் என்று ஒரு பங்கைத் தட்டில் வைத்துச் சும்மா கொடுத்தனுப்பினார்கள். வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அவர்கள் அனுப்புவார்கள், நான் திருப்புவேன்.

போன கொடைக்கும் அப்படித்தான் நடந்தது. முத்துவிடம் போனில் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"உன்னைக் கணக்குலயே சேக்காத ஊர்ல நீ எதுக்கும்மா ஒத்தையில கெடக்கே? வீட்டை வித்துட்டு என்கூட வந்துரு."

வீட்டை நினைத்தால் வர மனசில்லை. அந்தத் திருப்பி அனுப்பிய தட்டை நினைத்தால் இருக்கவும் மனசில்லை.

"முதல்ல வந்து பாக்கேன். பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றேன். போனது அதற்குத்தான். ஊர் சுற்றிப் பார்க்க இல்லை, குடியிருக்க எந்த ஊர் என்று பார்க்க.

முத்துவின் வேலையைச் சொல்ல வேண்டும். கம்பெனிகள் ஆட்களை வேறு நாட்டுக்கு வேலைக்கு அனுப்புகிறார்கள் அல்லவா? அங்கே போய்க் குடித்தனம் நடத்த என்ன செலவாகும் என்று தெரிந்தால்தானே படி கொடுக்க முடியும். அதை ஊர் ஊராகப் போய்ப் பார்த்துச் சொல்வது இவள் வேலை. முட்டை, பால், ரொட்டி, குடை, முடிவெட்டு, வீட்டு வாடகை, பஸ் டிக்கெட் எல்லாவற்றுக்கும் எல்லா ஊரிலும் விலை கேட்பாள்.

"அரிசி என்ன விலைன்னு கேக்கதுக்குச் சம்பளமாட்டி?" என்று கேட்டேன்.

"ஆமாம்மா. வாங்காம கேக்கதுக்கு" என்றாள்.

எங்கள் தெருவில் வாங்காமல் விலை கேட்டால் திட்டு கிடைக்கும். என் மகளுக்குப் பிளேன் டிக்கெட் கிடைக்கிறது. அவள் கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் என் காதில் விழுகிற மாதிரி பேசுவதில்லை.

சிங்கப்பூரில் அவள் வீடு பன்னிரண்டாம் மாடி. அந்த வீட்டுக்கு அவள் கொடுக்கிற ஒரு மாத வாடகைக்கு எங்கள் தெருவில் ஒரு வீட்டை வருஷக்கணக்கில் பிடித்துப் போடலாம். வீடு சுத்தம், தெரு சுத்தம், மழைகூட வந்த வேலையை முடித்துவிட்டுப் போய்விடுகிறது. தேக்கா என்று நம் ஆட்கள் கடை வைத்திருக்கிற பக்கம் போனால் தமிழ்தான். தோசை நன்றாக இருந்தது. சட்னியில் தேங்காய் போதாது. தென்னந்தோப்புக்காரிக்கு அது நாக்கில் தெரியாமல் போகுமா?

ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் பழக்கத்தில் பையைத் திறந்து முறுக்கை எடுத்துக் கடித்தேன். அந்த அமைதியில் அது வெடி மாதிரி கேட்டது. முத்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, இங்கன ரயில்ல தின்னா அபராதம்."

"தின்னதுக்கா?"

"தின்னதுக்கு."

வாயில் இருந்ததை என்ன செய்வது? கடிக்கவும் முடியாது, துப்பவும் முடியாது. துப்பினால் அதற்குத் தனி அபராதமாம். மூன்று ஸ்டேஷன் வரைக்கும் அது ஊறிக் கரையட்டும் என்று வாயை மூடிக்கொண்டு வந்தேன். எதிரில் இருந்த சீனக் கிழவி எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சிரித்தாள். நான் வாயைத் திறக்காமல் சிரித்தேன்.

முத்து விலை கேட்கப் போன ஒரு கடைக்கு நானும் கூடப் போனேன். அங்கே ஒரு கண்ணாடித் தாளுக்குள் நாலு கொத்துக் கறிவேப்பிலையை அடைத்து, மேலே விலை ஒட்டி வைத்திருந்தார்கள். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கறிவேப்பிலைக்கு விலை போட்டு என் ஆயுசில் அன்றுதான் பார்த்தேன். காய்கறி வாங்கினால் கடைக்காரி மேலே ஒரு கை அள்ளிப் போடுவாள், அதுதானே கறிவேப்பிலை.

அங்கிருந்து முத்துவுக்குச் சூரிச்சில் வேலை. சுவிஸ் நாட்டு ஊர். இனி சில வருஷத்துக்கு அவளை அங்கேயே இருக்கச் சொன்னாலும் சொல்வார்கள் என்றாள். அதனால் அதையும் நான் பார்த்தாக வேண்டும்.

போகிற வழியில் துபாயில் இறங்கினோம். எங்களுக்குக் கார் ஓட்டியவர் புனலூர்க்காரர். மலைக்கு அந்தப் பக்கம் அவர் ஊர், இந்தப் பக்கம் என் ஊர். செங்கோட்டைக்காரிக்கு மலையாளம் பேச வராவிட்டாலும் கேட்க வரும். இங்கே வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, ஓர் அறையில் ஆறு பேர் இருக்கிறோம் என்றார்.

"இங்கே செலவு ரொம்பவோ?" என்று கேட்டேன்.

"எனக்கு இங்கே செலவே கிடையாது அம்மே" என்று அவர் மலையாளத்தில் சொன்னார். "என் செலவெல்லாம் ஊரில்தான். தங்கை பிள்ளைக்குக் காது குத்தினாலும் நான், வீட்டுக்கு ஓடு மாற்றினாலும் நான். கோயில் உற்சவத்துக்கு முதல் போன் எனக்குத்தான் வரும். எடுக்காவிட்டால் இரண்டாவது போனும் எனக்குத்தான்."

அலுத்துக்கொள்கிற மாதிரிதான் சொன்னார். ஆனால் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். கேட்கிறார்களே என்கிற பெருமை அதில் இருந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது.

"இவர் செலவையும் எழுதிக்கோட்டி" என்றேன் முத்துவிடம்.

"எங்க கணக்கு கம்பெனி அனுப்புத பெரிய வேலைக்காரங்களுக்குத்தாம்மா. இவங்களைச் சேக்க மாட்டாங்க."

கம்பெனி அனுப்புகிற ஆளும் இவரும் இரண்டு பேருமே ஊரை விட்டு வந்தவர்கள்தான். ஒருவர் கணக்கில் இருக்கிறார், ஒருவர் இல்லை. கணக்கு என்றாலே அப்படித்தான் போலிருக்கிறது, எந்த ஊரானாலும்.

சூரிச்சில் வெயில் காலம் என்றார்கள். நான் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டேன். ராத்திரிச் சாப்பாடு முடித்து வெளியே பார்த்தால் வெளிச்சம் அப்படியே நிற்கிறது. ஏரித் தண்ணீர் கீழே கல் தெரிகிற மாதிரி இருக்கிறது. குற்றாலத்துத் தண்ணீரும் அப்படித்தான், ஆனால் அது சும்மா கிடக்காது, தலையில் விழும்.

விலையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒரு முட்டை எண்பது ரூபாய். ஒரு காப்பி ஐந்நூறுக்கு மேல். கடையில் உட்கார்ந்து அந்தக் காப்பியைக் குடிக்கும்போது மிச்சம் வைக்கக் கூடாது என்று நுரையைக்கூடக் கரண்டியால் வழித்துக் குடித்தேன்.

"சம்பளமும் அதுக்கேத்த மாதிரி இருக்கும்மா. நம்ம ரூபாயில மாத்திப் பாக்காதே" என்றாள் முத்து.

"நான் மாத்தாம என்ன பண்ண? எனக்குத் தெரிஞ்சது ரூபாதான்."

அங்கே ஊருக்குள் ஓடுகிறது டிராம் என்கிற வண்டி. தெருவிலேயே தண்டவாளம். ஒருநாள் இறங்க வேண்டிய இடம் வந்தது. முத்து முன்கதவில் இறங்கிவிட்டாள். நான் பின்கதவு திறக்கும் என்று மரியாதையாக நின்றேன். பொத்தானை நாம்தான் அமுக்க வேண்டுமாம், அது எனக்குத் தெரியாது. வண்டி புறப்பட்டுவிட்டது. முத்து வெளியே கையை ஆட்டிக்கொண்டு ஓடி வருகிறாள். நான் உள்ளே இருந்து கையை ஆட்டினேன்.

எனக்குப் பயம் இல்லை. எங்கள் ஊருக்கு வருகிற மினி பஸ் கடைசி நிறுத்தம் வரை போய், திரும்பி அதே வழியில்தான் வரும். தண்டவாளத்தில் ஓடுகிறது வேறு எங்கே போய்விடும்? உட்கார்ந்தே இருந்தேன். கடைசியில் ஒரு வட்டம் அடித்துத் திரும்பியது. நிறுத்தம் வந்தபோது முத்து அழுத முகத்தோடு நின்றாள். இந்தத் தடவை பொத்தானை நானே அமுக்கினேன்.

"எங்கம்மா போனே?"

"ஊரைச் சுத்திப் பாத்துட்டு வந்தேன். அதே டிக்கெட்டுதான், வேற துட்டு கேக்கல."

மறுநாள் விவசாயிகள் நேரே கொண்டுவந்து விற்கிற சந்தைக்குப் போனோம். இது எனக்குப் பிடித்த இடம். தக்காளி, செர்ரிப் பழம், கட்டுக் கட்டாகக் கீரை. ஒரு அம்மாளிடம் தக்காளி வாங்கினேன். அவள் பையில் போட்டதும், பக்கத்தில் கொத்தமல்லி மாதிரி ஒரு தழை இருந்தது, அதில் ஒரு கொத்தை எடுத்துப் பையில் மேலாக வைத்துவிட்டு நடந்தேன். பின்னால் அவள் கூப்பிட்டாள். நான் திரும்பி, போய்வருகிறேன் என்று தலையை ஆட்டினேன். அவள் இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள். நாலு பேர் பார்த்தார்கள்.

முத்து ஓடிவந்தாள். "அம்மா! அதுக்குத் துட்டு குடுக்கணும்!"

"கொசுறுட்டி இது. தக்காளி வாங்கியிருக்கோம்லா."

"இங்கன கொசுறு கிடையாதும்மா. எல்லாத்துக்கும் விலை உண்டு."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஒரு பொருளையும் கேளாமல் எடுத்தவள் இல்லை நான். முத்து விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மாள் சிரித்துவிட்டாள். தழையை என் கையில் கொடுத்து, வைத்துக்கொள் என்று சைகை காட்டினாள். நான் வைத்துக்கொள்ளவில்லை. காசைக் கொடுத்துவிட்டுத்தான் எடுத்துக்கொண்டேன்.

பக்கத்திலே யாழ்ப்பாணத்துக்காரர் கடை ஒன்று உண்டு. தமிழ்க் குரலைக் கேட்டதும் எனக்குத் தெம்பு வந்தது. அங்கேயும் கறிவேப்பிலை இருந்தது, அங்கேயும் விலை இருந்தது. மூன்று கொத்துக்கு ஒரு தென்னங்கன்று விலை.

"ஏன் தம்பி, இதுக்கு இவ்வளவா?" என்றேன்.

"அம்மா, இது பிளேனில வருது. கறிவேப்பிலைக்கும் டிக்கெட் எடுக்கோணும்" என்றார். "நீங்கள் இந்தியாவோ? எந்தப் பக்கம்?"

"தென்காசிப் பக்கம்."

"எவ்வளவு நாள் நிப்பீங்கள்?"

"அதைப் பாக்கத்தான் வந்திருக்கேன்" என்றேன்.

"நல்ல ஊர் அம்மா. ஒரு குறையும் சொல்லேலாது. வந்த புதிதில ஒருத்தரும் கதவைத் தட்டமாட்டினம், அது மட்டும்தான்" என்றார்.

கதவைத் தட்ட ஆள் வந்தது. கம்பெனி எங்களுக்குக் கொடுத்திருந்த வீட்டுக்கே. நான் சேலையைத் துவைத்துப் பால்கனியில் காயப்போட்டிருந்தேன். மணி அடித்தது. கீழ் வீட்டுக் கிழவி, ரூத் என்று பெயர். என்னைவிடப் பத்து வயது மூத்தவள், முதுகு வளையவில்லை. அவள் அவர்கள் பாஷையில் பேச, முத்து எனக்குச் சொன்னாள்.

"உங்கள் அம்மாவின் துணி என் ஜன்னலை மறைக்கிறது. நிறம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்று என் துவைக்கிற நாள்."

அந்தக் கட்டடத்தில் வீட்டுக்கு ஒரு நாள் துவைக்கிற முறையாம். நான் சேலையை எடுத்துவிட்டு, உட்காரச் சொல்லி முறுக்கு வைத்தேன். அவள் பல் நல்ல பல். சத்தமாகவே கடித்தாள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

முத்து விடுவாளா? இந்த ஊரில் ஒரு ஆளுக்கு என்ன செலவாகிறது என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். ரூத் விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள். வாடகை, வைத்தியத்துக்குக் கட்டுகிற பணம், கரண்ட். கடைசியில் எதையோ சொல்லிவிட்டு மூக்கைச் சுளித்தாள்.

"அது என்னட்டி சொல்லுதா?"

"கோயில் வரிம்மா. இங்கன சர்ச்சுக்கு வருஷா வருஷம் வரி கட்டணும்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "யாரு பேர்லன்னு கேளு."

முத்து கேட்டாள். ரூத்துக்குக் கேள்வியே விளங்கவில்லை. "என் பேரில்தான். வேறு யார் பேரில் கட்டுவேன்?"

"வீட்டுக்காரர் இல்லையேன்னு கேளு."

"அவர் இறந்து பன்னிரண்டு வருஷமாகிறது. வரி அவரோடு சாகவில்லை" என்று சொல்லி அவளே சிரித்தாள். பிறகு முறுக்கைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் வரி கிடையாது. என் மகன் எழுதிக் கொடுத்துவிட்டான். நான் கொடுக்கமாட்டேன். வருஷா வருஷம் முணுமுணுத்துக்கொண்டே கட்டுவேன். கட்டுகிறவளுக்குத்தானே முணுமுணுக்க உரிமை உண்டு?"

முத்து இதைத் தமிழில் சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் எதற்குக் கேட்டேன் என்று அவளுக்கும் புரிந்துவிட்டது.

ரூத் இன்னொன்றும் சொன்னாள். அந்த நாட்டில் பெண்களுக்கு ஓட்டே அவளுக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகுதான் வந்ததாம். அதுவரை ஆண்கள் மட்டும்தானாம். "யாரும் தானாகக் கொடுக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தோம்" என்றாள்.

"நான் இருபத்தொரு வயசிலயே ஓட்டுப் போட்டேன்னு சொல்லுட்டி" என்றேன். முத்து சொன்னதும் ரூத் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். எண்பது ரூபாய்க்கு முட்டை தின்கிற ஊர்க்காரி, என் கையை!

அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். நன்றாகச் சாப்பிட்டேன். ஆனால் பத்தொன்பது வருஷமாக நான் தட்டைத் திருப்பி மட்டும்தான் அனுப்பியிருக்கிறேன், வாயைத் திறந்து ஒருநாளும் கேட்கவில்லையே என்று யோசித்துக்கொண்டே சாப்பிட்டேன். கேட்பது எனக்குக் கௌரவக் குறைச்சல் என்று நினைத்திருந்தேன்.

"எந்த ஊரும்மா? சிங்கப்பூரா, சூரிச்சா?" என்று கேட்டாள் முத்து, புறப்படுகிற அன்று.

"ஊருக்குப் போய் ஒரு ஆளைப் பாத்துட்டுச் சொல்லுதேன்."

முத்துவும் லீவு போட்டுக்கொண்டு கூட வந்தாள். சாரல் ஆரம்பித்துவிட்டது. தென்காசியில் இறங்கும்போதே முகத்தில் அடித்தது. நேரே குற்றாலத்துக்கு விடச் சொன்னேன்.

"உலகம் பூரா விலை கேட்டியே, இங்கனயும் கேளு. நாங்க மட்டும் என்ன குறைஞ்சவங்களா?"

அவள் சிரித்துக்கொண்டே போனை எடுத்தாள். லாட்ஜில் வாடகை கேட்டாள். "இன்னைக்கா, சனி ஞாயிறா? தண்ணி நல்லா விழுந்தா ஒரு ரேட்டு, விழலைன்னா ஒரு ரேட்டு" என்றார் மேனேஜர். எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆளிடம் கேட்டாள். அவர் முத்துவின் செருப்பைப் பார்த்து ஒரு விலை சொன்னார். நான் முன்னால் வந்து, "ஏலே, நாங்க வடகரை" என்றேன். விலை பாதியாயிற்று.

"ஒரே வேலைக்கு ஆளுக்கொரு விலை சொன்னா நான் எதைம்மா எழுத?"

"ரெண்டையும் எழுது. நடுவுல எந்த ஊருன்னு கேட்டுக்கிடணும்னு எழுது."

மங்குஸ்தான் விலை கேட்டாள், நேந்திரங்காய் சிப்ஸ் விலை கேட்டாள். அருவிக்கு வந்ததும் இருவரும் சேலையோடு பெண்கள் பக்கம் நுழைந்தோம். முதுகில் விழுகிற அடியில் துபாயும் சூரிச்சும் கழன்று போயின. முத்து என்னைப் பிடித்துக்கொண்டு கத்தினாள், சின்னப் பிள்ளை மாதிரி. அதற்கு விலை கேட்க அவளுக்கு நினைப்பே வரவில்லை.

திரும்புகிற வழியில் தென்காசி மார்க்கெட்டில் காய்கறி வாங்கினோம். கடைக்காரி கத்தரிக்காய்க்கு மேலே ஒரு கை கறிவேப்பிலையை அள்ளிப் போட்டாள்.

"இது எவ்வளவுக்கா?" என்றாள் முத்து, பழக்கத்தில்.

"கறிவேப்பிலைக்கு யாராவது துட்டு கேப்பாங்களா? சும்மா கொண்டு போ தாயி."

முத்து போனைப் பைக்குள் போட்டாள். "விலை இல்லன்னா எங்க கணக்குல ஏறாதும்மா. அதுக்கு இடமே கிடையாது."

அவள் வேலையைப் பற்றித்தான் சொன்னாள். எனக்கு வேறு இடத்தில் போய்க் குத்தியது.

இரண்டு நாளில் வரி வாங்குகிறவர்கள் தெருவுக்கு வந்தார்கள். கோயில் தலைவர் மாடசாமி, என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன், எனக்குக் கொழுந்தன் முறை. ரசீது எழுத ஒரு ஆள் கூட. பக்கத்து வீட்டில் எழுதினார்கள். எங்கள் வாசலைத் தாண்டி அடுத்த வீட்டுக்கு நடந்தார்கள். நான் வாசல் நடையில்தான் நின்றேன்.

"ஏ மாடசாமி, இங்கன ஒரு வீடு இருக்கது கண்ணுல படலியா?"

"மதினி! எப்ப வந்திய? சீமைக்கெல்லாம் போயிட்டு வெளுத்துல்லா வந்திருக்கிய!"

"வெளுப்பு கெடக்கட்டும். ரசீதை எடு."

"உங்களுக்கு எதுக்கு மதினி வரி? நாங்கதான் சும்மாவே பங்கு அனுப்புதோம்லா. நீங்கதான் திருப்பி விட்டுருதிய."

"சும்மா வேண்டாம்னுதான் திருப்பி விடுதேன்."

மாடசாமி முத்துவைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "சரி, நன்கொடைன்னு எழுதிருவோம். எவ்வளவு வேணும்னாலும் குடுங்க. முத்து போட்டோ போட்டு, உங்க போட்டோவும் போட்டு, பஸ் ஸ்டாப்புல பெரிய பிளக்ஸா வச்சிருவோம்."

"நன்கொடை இல்ல. தலைக்கட்டு வரி."

"தலைக்கட்டுன்னா ஆம்பிளை மதினி."

"இந்த வீட்டுக்குத் தண்ணி வரி யாரு கட்டுதா? ரேஷன் கார்டுல குடும்பத் தலைவர்னு யாரு போட்டோ இருக்கு? கவர்மெண்டுக்குத் தெரிஞ்சது அம்மனுக்குத் தெரியாதா?"

"வழக்கம்னு ஒண்ணு இருக்குல்லா…"

"நான் என்ன கொசுறாலே?" என்றேன். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. "கத்தரிக்காய்க்கு மேல ஒரு கை அள்ளிப் போட்டு, சும்மா கொண்டு போன்னு சொல்லுததுக்கு?"

தெருவில் இரண்டு வீட்டுக் கதவு திறந்தது. மாடசாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சாயங்காலம் கூட்டம் இருக்கு. அங்க வந்து கேளுங்க மதினி. நான் ஒத்தை ஆளா முடிவு சொல்ல முடியாது."

கூட்டத்துக்குப் பெண்கள் போவதில்லை. நான் முத்துவையும் கூட்டிக்கொண்டு போனேன். உட்காரச் சொன்னார்கள், நின்றேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். பின்னாலிருந்து ஒருவர் சொன்னார்: "இதை விட்டா ஊர்ல உள்ள ஒத்தைப் பொம்பளை எல்லாம் கேப்பாளுவளே."

"கேக்கட்டும்" என்றேன். "வரி கூடும். போன வருஷம் துட்டு பத்தலைன்னு வில்லுப்பாட்டைப் பாதியில நிறுத்துனிய. இந்த வருஷமாவது கதை முடியட்டும்."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். மாடசாமியும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ரசீதுக்காரரிடம், "எழுதுலே" என்றார்.

"என்ன பேருன்னு எழுத? இன்னார் சம்சாரம்னா?"

"பேச்சியம்மாள்னு எழுது" என்றேன். "முன்னால பின்னால ஒண்ணும் வேண்டாம்."

எல்லாத் தலைக்கட்டுக்கும் என்ன தொகையோ அதுதான் எனக்கும். முத்து பெரிய நோட்டுகளை எடுத்தாள். கையைத் தட்டிவிட்டேன். கூடக் கொடுத்தால் அது வேறு ஆகிவிடும்.

கொடைக்கு முன்பே அவளுக்கு லீவு முடிந்துவிட்டது. போய்விட்டாள். வில்லுப்பாட்டு இந்த வருஷம் முழுக்கதையும் நடந்தது. மறுநாள் காலை மைக்கில் பெயர் கூப்பிட்டார்கள். பேத்தி நிலா போனில் முத்துவைக் கூப்பிட்டு, போனை மைக் பக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். நிலா என் மூத்தவள் மகள், தென்காசியில் படிக்கிறாள்.

"பேச்சியம்மாள், ஒரு தலைக்கட்டு!"

நான் என் வேகத்தில்தான் நடந்தேன். ஓடிப்போய் வாங்க எனக்கென்ன அவசரம்? ஆள் வரவில்லை என்று நினைத்து மைக்கில் இரண்டாவது தடவையும் கூப்பிட்டார்கள். அந்த ஒரு கொசுறை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

தட்டோடு வெளியே வந்ததும் நிலா போனை என் காதில் வைத்தாள். முத்து, "எந்த ஊரும்மா? பாத்துட்டுச் சொல்லுதேன்னியே" என்றாள்.

"வடகரைன்னு எழுதிக்கோ."

"எங்க பட்டியல்ல வடகரை கிடையாதே."

"சேத்துக்கோ. நாங்கூட இப்பதான் சேந்தேன்."

அவள் சிரித்தாள். "அடுத்த வருஷம் எனக்கும் ஒரு வரி சொல்லி வைம்மா. ஒத்தைப் பொம்பளை எல்லாம் கேப்பாளுவன்னு ஒருத்தர் சொன்னாருல்லா, அவருகிட்டயே சொல்லு."

அவள் வேண்டும் என்கிறபோது போவேன், வருவேன். ரூத்துக்கு முறுக்கு கொடுத்தனுப்ப வேண்டும். வீடு விற்பதற்கு இல்லை.

இவ்வளவுதான் எழுத இருந்தது. கை வலிக்கிறது. ஏட்டி நிலா, இங்கன வா. கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. இதை முதலிலிருந்து எனக்கு வாசித்துக் காட்டு. எழுத்துப் பிழை இருந்தால் பிறகு திருத்திக்கொள்ளலாம். அந்த மைக்கில் பெயர் கூப்பிடுகிற இடம் வருகிறது பார், அதை மட்டும் கொஞ்சம் சத்தமாக வாசி. பக்கத்து வீட்டில் ஆள் இருக்கிறார்கள்.